தோற்ற புரட்சிகளில் எதை முதலில் படிப்பது?

வென்ற புரட்சிகளைப் பற்றி நம்மில் பலரும் ஓரளவு படித்திருப்போம். 1789, 1917, 1949 என்று ஆண்டைச் சொன்னாலே போதும். பள்ளிப் பாடத்தில் கொஞ்சம், தொழிற்சங்க வகுப்பில் கொஞ்சம், பழைய புத்தகக் கடையில் கைக்கு வந்த மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்து நூல்களில் கொஞ்சம் என்று சேர்ந்த அறிவு அது. தோற்றவற்றைப் படிக்கலாமே என்று உட்காரும்போதுதான் திகைப்பு வருகிறது. பட்டியல் அவ்வளவு நீளம். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் கடைசியில் மிஞ்சுவது சில தேதிகளும் சில தியாகிகளின் பெயர்களும்தான்.

அதனால் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் படிக்க முடிகிறவர், நாலைந்து மாதத்துக்கு ஒரே ஒரு தோற்ற புரட்சியை எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். எதை எடுப்பது?

என் முன்னால் நான்கு இருக்கின்றன: 1848 பிரான்ஸ், 1871 பாரிஸ் கம்யூன் (பாரிஸ் மக்கள் அரசை எதிர்த்து நடத்திய நகர ஆட்சி), 1905 ருஷ்யா, 1918–19 ஜெர்மனி. சீனத்தின் தைப்பிங், ஹங்கேரி, தெலங்கானா எல்லாம் விடுபட்டுப் போகின்றன என்பது தெரியும். இந்த நான்கையும் சேர்த்து வைக்கக் காரணம், இவை ஒன்றையொன்று அறிந்தவை. 1848 குடியரசுக்காக உழைத்துச் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் போய்வந்த சார்ல் தெலக்ளூஸ், 1871 மே மாதம் அறுபது கடந்த வயதில் கம்யூனின் தடுப்பரண் ஒன்றில் ஏறி நின்று சுடப்பட்டுச் செத்தார். ஜெர்மன் புரட்சியாளர் ரோசா லுக்சம்பர்க் கொல்லப்படுவதற்கு முந்தின நாள், 1919 ஜனவரி 14இல் வெளிவந்த தம் கடைசிக் கட்டுரையில், 1831இன் லியோன் நெசவாளர்கள், 1848 ஜூன், 1871 கம்யூன் என்று தோல்விகளைத்தான் வரிசையாக எண்ணினார். எதில் தொடங்கினாலும் மற்றதற்குப் பாதை இருக்கிறது.

பக்க அளவு, மொழிபெயர்ப்பு கிடைக்கிறதா என்பதெல்லாம் தேர்வுக்கு இரண்டாம்பட்சம். நான் பார்ப்பது வேறொன்று. ஒரு புரட்சி தோற்ற பிறகு வரலாறு நின்றுவிடுவதில்லை. பின்னால் வந்தவை அந்தத் தோல்வியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. படிப்பவர் கண்ணுக்குத் தோல்வி தெரிவதற்கு முன் பின்கதை தெரிகிறது. ஏன் தோற்றது என்று கேட்கும் முன்பே பதில் வந்து விழுந்துவிடுகிறது. எந்தப் புரட்சியில் இந்தப் பின்கதையின் சுமை குறைவோ, அதில் தொடங்குவதுதான் படிப்பவருக்கு நல்லது.

கம்யூனை முதலில் எடுக்கிறேன், பெரும்பாலானவர்கள் தொடங்குவது அங்கேதான் என்பதால். அதில் வியப்பில்லை. ஒரே நகரம். 1871 மார்ச் 18இல் மோன்மார்த்ர் குன்றில் இருந்த பீரங்கிகளைக் கைப்பற்ற அரசுப் படை வந்ததில் தொடங்கி மே 28 வரை ஏறத்தாழ பத்து வாரம். எதிரி யார் என்பதில் குழப்பமில்லை: வெர்சாய் நகரில் உட்கார்ந்திருந்த தியேரின் பிரெஞ்சு அரசு. செய்தவையும் மனதில் நிற்பவை. ரொட்டிக் கடைகளில் இரவு வேலைக்குத் தடை, வாடகை பாக்கித் தள்ளுபடி, திருச்சபையை அரசிடமிருந்து பிரித்தது, கில்லட்டினை நடுத்தெருவில் போட்டு எரித்தது, நெப்போலியனின் வாந்தோம் தூணைச் சாய்த்தது. படிக்கவும் ஆள் இருக்கிறது. தடுப்பரணில் நின்று சண்டையிட்ட லிசகரே பிறகு நாட்டைவிட்டுத் தப்பி எழுதிய வரலாறு 1876இல் பிரஸ்ஸல்ஸில் வெளிவந்தது. அதை ஆங்கிலத்தில் பெயர்த்தவர் மார்க்ஸின் மகள் எலினோர். மார்க்ஸ் தம் அறிக்கையை அகிலத்தின் (சர்வதேசத் தொழிலாளர் சங்கம்) பொதுக்குழுவில் வாசித்தது மே 30, அதாவது கம்யூன் விழுந்த இரண்டாம் நாள். சூடு ஆறாத எழுத்து.

ஆனால் அந்தக் கடைசி வாரம் இருக்கிறதே, அதுதான் சிக்கல். மே 21 முதல் 28 வரை வெர்சாய்ப் படை பாரிசுக்குள் நடத்திய கொலை அதற்கு முந்தைய அத்தனை நாட்களையும் விழுங்கிவிடுகிறது. பெர் லஷேஸ் இடுகாட்டுச் சுவரில் 147 பேரை நிற்கவைத்துச் சுட்டார்கள் என்று படித்தவர், அதற்குப் பிறகு கம்யூன் தலைவர்களிடம் கடுமையான கேள்வி கேட்கத் தயங்குவார். கேட்க வேண்டியவை இருக்கின்றன. பாரிசிலேயே இருந்த பிரான்ஸ் வங்கியை அவர்கள் தொடவில்லை. பெஸ்லே என்ற முதியவரைப் பிரதிநிதியாக அனுப்பி, மரியாதையாகக் கடன் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அப்படி வாங்கியது மொத்தம் 2 கோடி பிராங்குக்குள். அதே வாரங்களில் அதே வங்கியிலிருந்து வெர்சாய்க்குப் போனது 25 கோடிக்கு மேல். தங்களைச் சுடவரும் படைக்குத் தங்கள் காவலில் இருந்த வங்கியே சம்பளம் கொடுத்தது என்றால் அதைப் பற்றி ஒரு மாதம் பேசலாம். மார்ச் 18 அன்றே ஏன் வெர்சாய்க்குப் போகவில்லை, ஏப்ரல் 3 வரை ஏன் காத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. பெண்கள் அவ்வளவு உழைத்த அந்த நகரத்தில் கம்யூன் தேர்தலில் பெண்களுக்கு ஏன் வாக்கு இல்லை என்பது மூன்றாவது.

இவற்றையெல்லாம் கேட்டாலும், இறுதியில் ஒரு சுவரில் முட்டுவோம். பிரான்சைப் போரில் தோற்கடித்த பிரஷ்யப் படை நகரத்தின் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்கிறது. பிரஷ்யாவின் பிஸ்மார்க் போர்க்கைதிகளை விடுவித்து வெர்சாய்ப் படையைப் பெருக்க உதவுகிறார். லியோன், மார்செய் கம்யூன்கள் சில நாட்களில் அடங்கிவிட்டன. இத்தனைக்கும் நடுவே ஒரு நகரம் வென்றிருக்க முடியுமா? அநேகமாக முடியாது. அப்படியென்றால் வங்கியைத் தொட்டிருந்தால் என்ன, தொடாவிட்டால் என்ன என்று மனம் சோர்ந்துவிடும். செத்தவர் கணக்கே இன்னும் ஓயாத சண்டை. 20,000 என்பது நெடுங்காலம் சொல்லப்பட்டது. அண்மைக் காலத்தில் ராபர்ட் டூம்ஸ் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர் சடலங்களைப் புதைத்த பதிவேடுகளை வைத்து அதை ஆறேழாயிரம் அளவுக்குக் குறைத்தார். அதை ஏற்காதவர்கள் உண்டு. கம்யூனைப் பற்றிய வாசிப்பு எப்படியும் இந்தக் கணக்கில் வந்து நிற்கிறது. இரண்டாவது புத்தகமாகக் கம்யூன் அருமையானது. முதலாவதாக எடுத்தால், தோல்வியென்றாலே வீரச்சாவு என்று மனதில் பதிந்துவிடும்.

1905 பற்றித் தமிழ் வாசகருக்கு ஒரு பழைய உறவு உண்டு. 1906இல் 'இந்தியா' வார இதழில் பாரதி ருஷ்யக் கிளர்ச்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். 1917 வரப்போகிறது என்பது அவருக்கும் தெரியாது, படித்தவர்களுக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். வம்பே அதுதான். 1905ஐ 1917க்கான ஒத்திகை என்று லெனின் சொல்லிவைத்தார். நாமும் அப்படியேதான் படிக்கிறோம். தொழிலாளர் குழுவான பீட்டர்ஸ்பர்க் சோவியத் ஐம்பது நாட்கள் இருந்து டிசம்பர் 3இல் மொத்தமாகக் கைதானது என்று படிக்கும்போது வருத்தம் வருவதில்லை, பன்னிரண்டு ஆண்டில் திரும்பி வருவார்கள் என்று மனம் சொல்லிவிடுகிறது. தலைவர் ட்ரொட்ஸ்கி என்பதால் அந்த எண்ணம் இன்னும் வலுக்கிறது. 1907இல் சைபீரியாவில் உட்கார்ந்திருந்த ஒரு சாதாரண அச்சுத் தொழிலாளிக்கு அப்படி ஒரு ஆறுதல் இருந்திருக்காது.

ஒரு வழி இருக்கிறது. 1905ஐப் புரட்சிக்காரர் பக்கமிருந்து படிக்காமல், பிழைத்துக்கொண்ட அரசின் பக்கமிருந்து படிப்பது. அப்போது அது வேறு கதையாகிவிடும். ஜனவரியில் பாதிரியார் கபோன் தலைமையில் மனுக்கொடுக்க வந்த கூட்டத்தைச் சுட்டதில் ஜார் மீதிருந்த பழைய விசுவாசம் போனது. ஜூனில் பொட்டெம்கின் கப்பலில் கலகம். அக்டோபர் பொது வேலைநிறுத்தத்தில் ரயில்கள் நின்றன. அந்த நிலையிலிருந்து அரசு மீண்டது எப்படி? ஜப்பானோடு போரை முடித்திருந்தார்கள். அக்டோபர் 17 அறிக்கையில் மன்றமும் உரிமைகளும் தருவதாகச் சொல்லி, மிதவாதிகளை வேலைநிறுத்தக்காரரிடமிருந்து பிரித்தார்கள். டிசம்பரில் மாஸ்கோவின் பிரெஸ்னியா பகுதியைப் பீரங்கியால் அடித்தார்கள். 1906 ஏப்ரலில் 225 கோடி பிராங்க் அளவுக்குப் பெருங்கடன் வந்து சேர்ந்தது, பாதிக்கு மேல் பிரான்சிலிருந்து. பிறகு மன்றத்தைக் கலைத்தார்கள். இரண்டாவது மன்றத்தையும் கலைத்து, 1907 ஜூன் 3இல் பிரதமர் ஸ்டோலிபின் தேர்தல் சட்டத்தையே மாற்றினார். கொடுப்பது, பிரிப்பது, அடிப்பது, கடன் வாங்குவது, கொடுத்ததைத் திரும்ப எடுப்பது. இந்த வரிசைக்காகவே 1905ஐப் படிக்கலாம். அக்டோபர் அறிக்கை வந்த கையோடு ஒடெஸாவில் நானூறுக்கு மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டதையும் தாண்டிப் போகக் கூடாது; தெருவுக்கு வந்த கூட்டமெல்லாம் புரட்சிக் கூட்டமில்லை.

இப்படிப் படிக்க ஒரு பயிற்சி வேண்டும். முதல் முறை படிப்பவரிடம் 1917ஐ மறந்துவிட்டுப் படி என்று சொல்வது வீண் பேச்சு.

ஜெர்மனிக்கு இதே சங்கடம் தலைகீழாக. அங்கே பின்கதை 1933. ஹிட்லரிலிருந்து பின்னோக்கிப் பார்க்கும்போது ஒவ்வொரு தவறும் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். ஆட்சியிலிருந்த சமூக ஜனநாயகவாதிகளில் ஏபெர்ட் துரோகி, நோஸ்கே கொலைகாரர், கம்யூனிஸ்டுகள் அவசரக்காரர்கள் என்று தீர்ப்பு எழுதும் வேகத்தில் கதை காணாமல் போகிறது. இத்தனைக்கும், நான்கிலும் மிகவும் சுவையான அரசியல் இதில்தான் இருக்கிறது. 1918 டிசம்பர் நடுவில் பெர்லினில் தொழிலாளர், படைவீரர் குழுக்களின் காங்கிரஸ் கூடியது. நாடு முழுக்க அதிகாரம் அந்தக் குழுக்களின் கையில் இருந்த நேரம். குழு ஆட்சியையே அரசியல் சட்டத்தின் அடிப்படையாக்கலாம் என்ற தீர்மானம் வந்தபோது, அந்தக் குழுக்களின் பிரதிநிதிகளே 344க்கு 98 என்று அதைத் தோற்கடித்தார்கள். தேசிய மன்றத் தேர்தல் வேண்டும் என்றார்கள். ரோசாவுக்கும் அவர் தோழர் லீப்க்னெக்டுக்கும் அந்தக் காங்கிரசில் இடம்கூட இல்லை. இரண்டு வாரம் கழித்து அவர்கள் தொடங்கிய கம்யூனிஸ்ட் கட்சியில், தேர்தலில் நிற்கலாம் என்று ரோசா வாதாடினார். அவர் கட்சிக்காரர்களே 62க்கு 23 என்று மறுத்தார்கள். ஜனவரி 5இல் பெர்லின் காவல் தலைவர் ஐஷ்ஹார்னைப் பதவி நீக்கியதை எதிர்த்துக் கிளம்பிய கூட்டம் கிளர்ச்சியாக மாறியது. 15ஆம் தேதி ரோசாவும் லீப்க்னெக்டும் கொல்லப்பட்டார்கள். 19ஆம் தேதி தேர்தல் நடந்தது. ஜெர்மன் பெண்கள் நாடு தழுவிய தேர்தலில் முதன்முறையாக வாக்களித்தார்கள்.

இது தோல்விதானா என்பதிலேயே தகராறு. கைசர் போனார், சிற்றரசர்கள் அத்தனை பேரும் போனார்கள், எட்டு மணி நேர வேலை வந்தது, பெண்களுக்கு வாக்கு வந்தது. இவ்வளவும் கிடைத்த ஒன்றைத் தோற்ற புரட்சி என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றே நினைக்கிறேன். பழைய படை அதிகாரிகளும் நீதிபதிகளும் இடத்தைவிட்டு அசையவில்லை. ரோசாவைக் கொன்றவர்களை விசாரித்த விதமே சாட்சி. ஆனால் இந்த வாதத்துக்குள் போக, மூன்று இடதுசாரிக் கட்சிகள், ஆலைப் பிரதிநிதிகள், ஃப்ரைகோர் என்ற கூலிப்படைகள், பெர்லின், கீல், ப்ரேமன், மியூனிக், ரூர் என்று அத்தனை இடங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். நாலைந்து மாதம் போதாது. தொழிற்சங்கத்தில் வேலை செய்கிறவர், கட்சி உடைவுகளை நேரில் பார்த்தவர் என்றால் இதிலேயே தொடங்கலாம். அவர்களுக்குப் பெயர்கள்தான் புதிதாக இருக்கும். மற்றவர்களுக்கு மூன்றாவது இடம்.

மிஞ்சியது 1848. என் தேர்வும் அதுவே. ஐரோப்பா முழுவதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; வியன்னா, பெர்லின், புடாபெஸ்ட், பலெர்மோ என்று ஓடினால் மூச்சு வாங்கும். பிரான்ஸ் மட்டும், பிப்ரவரி முதல் டிசம்பர் வரை, பத்து மாதம்.

இங்கேயும் பின்கதை இருக்கிறது: மூன்றாம் நெப்போலியனின் பேரரசு. ஆனால் நம்மில் யாரும் மூன்றாம் நெப்போலியனை நினைத்துத் தூக்கம் கெட்டதில்லை. தியாகச் சுவர் என்று மாலை போட ஓர் இடம் கிடையாது. அடுத்து வென்ற புரட்சி எதுவும் இதைத் தன் ஒத்திகை என்று சொந்தம் கொண்டாடவில்லை. எனவே நிதானமாகப் பார்க்கலாம்.

பார்க்க நிறைய இருக்கிறது. பிப்ரவரி 24இல் மன்னர் லூயி பிலிப் முடிதுறந்து ஓடுகிறார். கவிஞர் லமார்த்தின் முன்னிற்கும் தற்காலிக அரசு வருகிறது. அதுவரை வாக்குரிமை இருந்தது சுமார் 2.5 லட்சம் பேருக்கு. அது ஒரே அடியாக 90 லட்சம் ஆண்களுக்கு மேல் விரிகிறது. காலனிகளில் அடிமை முறையை ஏப்ரல் 27 ஆணை ஒழிக்கிறது. பாரிஸ் மன்றத்தில் பிரெஞ்சு இந்தியாவுக்கும் ஓர் இடம் கிடைக்கிறது. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் இந்தப் புரட்சியை யாரோ ஒருவருடையது என்று நினைக்க வேண்டியதில்லை. வேலையில்லாதவர்களுக்கு வேலை தருவோம் என்று தேசியப் பட்டறைகள் திறக்கிறார்கள். சேர்ந்தவர்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். அத்தனை பேருக்குத் தர வேலை இல்லை; மண்ணை வெட்டி இங்கிருந்து அங்கே போட்டார்கள், அதுவும் இல்லாத நாளில் சும்மா இருக்கக் கூலி.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? கருவூலம் காலி. மார்ச் 16இல் நேரடி வரியில் ஒவ்வொரு பிராங்குக்கும் 45 சான்டீம் (பிராங்கில் நூறில் ஒன்று சான்டீம்) கூடுதல் என்று ஆணை போட்டார்கள். நிலம் வைத்திருந்த விவசாயி தலையில் அது விழுந்தது. இந்த ஒரு ஆணையை வைத்துக்கொண்டே 1848ஐப் படிக்கலாம் என்பேன். வரி உண்மையில் போனது எங்கே என்பது வேறு கணக்கு. விவசாயிக்குச் சொல்லப்பட்டது, பாரிசில் சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குக் கூலி கொடுக்க உன் கையிலிருந்து பிடுங்குகிறார்கள் என்பது. அதே விவசாயிக்குத்தான் அதே அரசு அதே மாதம் வாக்கும் கொடுத்திருந்தது.

பாரிசின் தீவிர இடதுசாரிகளுக்கு இது தெரிந்திருந்தது. மார்ச் 17இல் பெரும் ஊர்வலம் நடத்தித் தேர்தலைத் தள்ளிப்போடச் சொன்னார்கள். அவர்களில் முன்னணியில் நின்ற பிளாங்கியின் வாதம் சுருக்கமானது: நாட்டுப்புறம் இத்தனை காலம் ஒரு பக்கப் பேச்சைத்தான் கேட்டிருக்கிறது, இப்போதே தேர்தல் வைத்தால் பழையவர்களே வருவார்கள். இரண்டு வாரம் தள்ளிவைத்தார்கள். ஏப்ரல் 23இல் தேர்தல் நடந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வாக்களித்தார்கள். பிளாங்கி சொன்னபடியே நடந்தது. மக்களாட்சிக்காகப் போராடியவர்கள் தேர்தலைத் தள்ளிப்போடு என்று கேட்டது சரியா தவறா? கேட்காமல் இருந்தால் தோல்வி, கேட்டால் கொள்கைக்கு அவமானம். நான்கு புரட்சிகளிலும் இதைவிடக் கடினமான கேள்வி எனக்குத் தென்படவில்லை. ஜெர்மனியில் 1918இல் இதே கேள்வி திரும்பி வருகிறது. ஆனால் அங்கே ஹிட்லர் வந்து பதில் சொல்லிவிடுகிறார். இங்கே பதில் சொல்ல யாருமில்லை, நாம்தான் யோசித்தாக வேண்டும்.

ஜூனுக்கு வருவோம். புதிய மன்றம் பட்டறைகளை ஒழிக்கத் துணிகிறது. ஜூன் 21இல், அங்கிருக்கும் இளைஞர்கள் படையில் சேர வேண்டும், மற்றவர்கள் வெளியூர் வேலைக்குப் போகத் தயாராக வேண்டும் என்று ஆணை. 23ஆம் தேதி பாரிசின் கிழக்குப் பாதி முழுக்கத் தடுப்பரண்கள். மறுநாள் மன்றம் ஜெனரல் கவென்யாக்கிடம் முழு அதிகாரத்தைக் கொடுத்தது. நான்கு நாள் சண்டை. சமாதானம் பேசத் தடுப்பரணுக்குப் போன பாரிஸ் பேராயர் குண்டடிபட்டு இறந்தார். வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ரயில் ஏறி வந்தார்கள், கிளர்ச்சிக்காரர்களை அடக்க. ரயில் புதிது, தலைநகரில் நடக்கும் கலகத்துக்கு எதிராக நாட்டுப்புறம் இவ்வளவு விரைவாக வந்து சேர அதற்குமுன் வழியே இருந்ததில்லை.

அடக்கியதில் முன்னணியில் நின்றது மொபைல் காவல்படை. பிப்ரவரியில் குடியரசைக் காக்கவென்று சேர்த்த பாரிஸ் இளைஞர்கள். இவர்களை மார்க்ஸ் தொழிலாளி வர்க்கத்திலிருந்து பிரித்து, நகரத்தின் உதிரிக் கும்பல் என்று எழுதினார். தமிழில் நாம் படித்ததும் அதைத்தான். பின்னாளில் ஆய்வாளர்கள் படைப்பதிவேடுகளையும் கைதானவர்களின் பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரு பக்கத்தவரின் தொழிலும் ஏறத்தாழ ஒன்றே: தச்சர், தையல்காரர், உலோக வேலைக்காரர், கட்டடத் தொழிலாளி. மொபைல்காரர்கள் வயதில் இளையவர்கள், அவ்வளவுதான். அப்படியானால் அவர்கள் ஏன் அந்தப் பக்கம் நின்றார்கள்? ஒழுங்காக வந்த சம்பளமா, நான்கு மாதம் தனிப் படைவீட்டில் வாழ்ந்த பழக்கமா, அதிகாரிகள் அவர்களைக் கையாண்ட விதமா? மார்க்ஸின் விளக்கத்தைவிட இது எவ்வளவோ சங்கடமானது. ஒரே தெருவில் பிறந்த அண்ணன் தடுப்பரணின் ஒரு பக்கமும் தம்பி மறுபக்கமும் நிற்கக்கூடிய நிலை.

படிக்க வசதியும் இதில்தான் அதிகம். எதிரெதிர்க் கோணத்திலிருந்து இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள், இரண்டு பேருமே பெரிய எழுத்தாளர்கள். ஒருவர் மார்க்ஸ். 1850இல் எழுதியதும், லூயி நெப்போலியனின் ஆட்சிக் கவிழ்ப்பை வைத்து 1852இல் எழுதியதும். மற்றவர் தொக்வில். அந்த மன்றத்தின் உறுப்பினர்; ஜூன் கிளர்ச்சியை அடக்கியவர்களின் பக்கம் உறுதியாக நின்றவர். அவருடைய நினைவுக்குறிப்புகள் அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து 1893இல்தான் வெளிவந்தன. தன் நண்பர்களையும் அவர் விட்டுவைப்பதில்லை. தொழிலாளிகள் மீது அவருக்கு இருந்த அச்சமும் மறைவதில்லை. அதே சமயம், சண்டை பிடித்தது சொத்தைப் பற்றி என்பதை மார்க்ஸ் அளவுக்கே தெளிவாகச் சொல்கிறவர் அவர். ஒரு வாரம் இவர், ஒரு வாரம் அவர் என்று மாற்றி மாற்றிப் படித்தால் போதும், தனியாக ஒரு வரலாற்றுப் புத்தகம் இரண்டாம் மாதத்தில்தான் தேவைப்படும். கம்யூனுக்கு இப்படி ஒரு ஜோடி கிடையாது. வெர்சாய்ப் பக்கத்தவர் எழுதியவற்றில் பெரும்பாலானவை வசை.

குறையும் சொல்லிவிடுகிறேன். 1848இல் மனதைக் கவரும் நாயகர் இல்லை. பிளாங்கி மே மாதத்திலிருந்து சிறையில். லூயி பிளாங் பட்டறைகள் என்ற தம் யோசனையைப் பகைவர்கள் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். லமார்த்தின் பேசினார், நன்றாகப் பேசினார். பெண்கள் பத்திரிகை நடத்தினார்கள், கழகம் வைத்தார்கள், வாக்குக் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கம்யூனின் வீராங்கனை லூயிஸ் மிஷேல் போல ஒருவரைத் தேடிப் படிப்பவர் ஏமாந்துபோவார். பெயர்களும் கட்சிகளும் முதல் இரண்டு வாரம் குழப்பும்.

இவ்வளவு தூரம் போவானேன், பக்கத்திலேயே 1971 ஏப்ரல் இலங்கை இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஏப்ரல் 5இல் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) இளைஞர்கள் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். தலைவர் விஜேவீர அப்போது யாழ்ப்பாணச் சிறையில் இருந்தார். சில வாரங்களில் அடக்கப்பட்டது. இந்தியா, பாகிஸ்தான், சோவியத், அமெரிக்கா, பிரிட்டன் என்று ஒருவரோடொருவர் ஆகாதவர்கள் எல்லாரும் பிரதமர் சிறிமாவோ அரசுக்குக் கைகொடுத்தார்கள். படிக்க வேண்டியதுதான். ஆனால் அவர்களின் அரசியல் வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. மலையகத் தமிழர்களை அதன் கருவிகளாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது. அதைப் படிக்கும் தமிழ் வாசகர் அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிடுவார், அல்லது அதை மன்னிக்கக் காரணம் தேடுவார். 1980களில் நடந்ததும் 2024இல் அதே கட்சி தலைமையிலான கூட்டணி தேர்தலில் வென்று ஆட்சிக்கு வந்ததும் வேறு கூடவே வந்து நிற்கும். நான் பேசிக்கொண்டிருக்கும் பின்கதைச் சுமை இதில்தான் எல்லாவற்றையும்விட அதிகம். வேறிடத்தில் கொஞ்சம் பழகிவிட்டு இங்கே வருவது மேல்.

1848இலேயே இலங்கைக்கு ஒரு கிளர்ச்சி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் டொரிங்டன் ஆளுநர் போட்ட வரிகளை எதிர்த்து மாத்தளையில் ஜூலையில் எழுந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8இல் சுட்டுக் கொல்லப்பட்டார். பாரிசுக்கும் மாத்தளைக்கும் நேர்த்தொடர்பு தேட வேண்டாம். ஆனால் பாரிசின் 45 சான்டீமைப் படித்த சூட்டோடு மாத்தளையின் வரிகளைப் படித்தால், வரி என்பது கிராமத்தை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் தள்ளும் என்பது தெரியும். ஒரு வார இறுதியில் முடிந்துவிடும் வாசிப்பு.

அவசரக்காரருக்கு, பத்தே நாள்தான் இருக்கிறது என்பவருக்கு, என் பதில் கம்யூன். அதைப் பத்து நாளில் படித்துவிடலாம், 1848ஐ முடியாது. ஆட்சி எப்படிப் பிழைக்கிறது என்பதில் ஆர்வமுள்ளவர் 1905. மற்ற எல்லாருக்கும் 1848, பிறகு கம்யூன், பிறகு ஜெர்மனி.

1848ஐ எடுப்பவர்கள் ஜூனோடு நிறுத்திவிடுகிறார்கள். அது கூடாது. டிசம்பர் 10 குடியரசுத் தலைவர் தேர்தலில் லூயி நெப்போலியன் (பின்னாளின் மூன்றாம் நெப்போலியன்) 54 லட்சம் வாக்கு வாங்கினார். ஜூனில் பாரிசை அடக்கிய கவென்யாக் 14 லட்சத்துச் சொச்சம். பிப்ரவரியில் நாடே கொண்டாடிய லமார்த்தின் சுமார் 18,000. வரிக்குக் கோபப்பட்ட விவசாயியும் கவென்யாக்கை வெறுத்த பாரிஸ் தொழிலாளிகளில் பலரும் ஒரே பெயருக்கு வாக்களித்திருந்தார்கள். அதன்பிறகு 1850 மே 31 சட்டம்: பயந்துபோன மன்றம் குடியிருப்பு நிபந்தனை போட்டுச் சுமார் 30 லட்சம் ஏழைகளின் வாக்கைப் பறித்தது. 1851 டிசம்பர் 2 விடியலில் பாரிஸ் சுவர்களில் லூயி நெப்போலியனின் சுவரொட்டிகள் ஒட்டியிருந்தன. மன்றம் கலைக்கப்பட்டது என்று ஒரு வரி. மே 31 சட்டம் ரத்து, எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை திரும்பத் தரப்படுகிறது என்று அடுத்த வரி. மறுநாள் அந்த மன்றத்துக்காகத் தடுப்பரண் போட உறுப்பினர்கள் தொழிலாளர் பகுதிக்குப் போய்க் கூப்பிட்டபோது வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஏன் வரவில்லை என்று உங்களுக்கே சொல்லத் தெரியும் வரை 1848இலேயே இருங்கள். கம்யூனுக்கு அதற்குப் பிறகு போகலாம்.